காலித் தோட்டா எங்கும் ஓடிப்போகாது

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சீஸ் ஃபயர், அதாவது சுடுவதை நிறுத்தும் உத்தரவு, சொல்லியாயிற்று. டார்கெட் மாற்றுவதற்காக எல்லாரும் முன்னால் போயிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பெஞ்சுக்கு அடியில் குனிந்து காலித் தோட்டாக்களை, அதாவது சுட்டபின் வெளியே விழும் உறைகளை, பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் தலைக்கு ஒரு சாண் மேலே பக்கத்து ஆளின் ரைஃபிள் இருக்கிறது. பின்னால் வாருங்கள் என்று கூப்பிட்டால், "நான் துப்பாக்கியைத் தொடவே இல்லையே, காலி கேஸைத்தானே எடுக்கிறேன்" என்று கோபப்படுகிறார். ரேஞ்சில் பாதுகாப்புக்கு நிற்கிறவன் நான். இந்தப் பதிலை எத்தனை பேரிடம்தான் கேட்பது?

தொடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நூறு மீட்டர் தள்ளி, கையில் பசை டேப்போடு நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் திரும்பிப் பார்த்தால், துப்பாக்கிகள் இருக்கும் பெஞ்சில் ஓர் ஆள் குனிந்திருப்பதும், கை அசைவதும்தான் தெரியும். அந்தக் கையில் இருப்பது உறையா வேறு ஏதாவதா என்று அங்கிருந்து சொல்ல முடியாது. எனக்கே பத்தடி தூரத்தில் சொல்ல முடிவதில்லை.

இதையும் யோசியுங்கள். குனிந்தவர் எழும்போது எதைப் பிடித்து எழுவார்? பெஞ்சின் விளிம்பைத்தான். தோள் இடித்து, பைபாட் என்ற இரட்டைக் காலில் நிற்கும் ரைஃபிள் சரிகிறது என்று வையுங்கள். விலை உயர்ந்த பொருள் கீழே விழப்போகிறது என்றதும் கை தானாக நீண்டு பிடிக்கும். விரல் எங்கே போய் மாட்டும் என்று யாருக்கும் தெரியாது, எதிரே ஆட்கள் நிற்கிறார்கள். போல்ட் திறந்திருக்கிறது, தோட்டா நுழையும் சேம்பரில் அது காலி என்று காட்டும் கொடி செருகியிருக்கிறது என்பதெல்லாம் சரி. ஆனால் எல்லா பெஞ்சிலும் எல்லாரும் அதை ஒழுங்காகச் செய்திருப்பார்கள் என்று நம்பி நான் ஒருவரை முன்னால் அனுப்ப முடியாது. சீஸ் ஃபயர் நேரத்தில் பெஞ்ச் பக்கம் ஒருவரும் இருக்கக் கூடாது என்ற விதி அதற்காகத்தான். உங்களைத் திருடன் என்று நினைத்து யாரும் விரட்டவில்லை.

சுடுதல் நடக்கும்போது லைனுக்கு, அதாவது சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்கு, முன்னால் உருண்ட உறை போனது போனதுதான். ஓர் எட்டு, ஒரு கை நீட்டல், குச்சியால் இழுத்தல், எதுவும் வேண்டாம். பல ரேஞ்சுகளில் லைனுக்கு அந்தப் பக்கம் விழுவது ரேஞ்சுக்கே சேரும் என்று விதியும் இருக்கிறது. சில போட்டிகளில் உறை பொறுக்கவே அனுமதி கிடையாது. முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் உறை விஷயத்துக்கு வருகிறேன். குறி பார்த்துக்கொண்டிருக்கிறவரின் காலடியில் போய்க் குனியாதீர்கள். அவர் திடுக்கிட்டால் குழாய் முனையும் சேர்ந்து திரும்பும். அவர் முடித்து, துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு, "இதை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள். மறுக்கிறவருக்குக் காரணம் இருக்கும். ரீலோட் செய்கிறவர், அதாவது காலி உறையில் மறுபடி மருந்தும் புல்லட்டும் வைத்துத் தோட்டாவாக்குகிறவர், ஒவ்வொரு கட்டு உறையும் எத்தனை முறை சுடப்பட்டது என்று கணக்கு வைத்திருப்பார். அதில் நான்கு காணாமல் போய், அவற்றுக்குப் பதில் ஊர் பேர் தெரியாத நான்கு கலந்தால் கட்டு முழுவதும் சந்தேகமாகிவிடும்.

அந்தச் சந்தேகம் வீண் பயம் இல்லை. பலமுறை சுட்ட ரைஃபிள் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே மெல்லிய பளபளப்பு வளையம் தெரிந்தால் உள்ளே சுவர் தேய்ந்திருக்கலாம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து உள்ளே விட்டுச் சுவரோடு இழுங்கள். பள்ளத்தில் நுனி தட்டுகிறதா? நசுக்கிக் குப்பையில் போடுங்கள். அடுத்த முறை சுடும்போது அது அந்த இடத்தில் இரண்டாகப் பிரியலாம். கழுத்தில் வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான். பொறுக்கிய உறையின் பழைய கதை உங்களுக்குத் தெரியாது என்பதை மறக்காதீர்கள். .22 ரிம்ஃபயர் என்ற சிறிய தோட்டாவின் உறையை வாளி வாளியாக அள்ளுகிறவர்களையும் பார்க்கிறேன். அது ரீலோடுக்கு ஆகாது.

அள்ளுவதைப் பற்றி இன்னொன்று. கை நிறைய வாரி வாளியில் கொட்டாதீர்கள். வெடிக்காத தோட்டாக்களும் அந்தத் தரையில்தான் கிடக்கும். அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் ஊசி பட்ட குழி இருக்கும், மேலே புல்லட்டும் அப்படியே இருக்கும். .22 தோட்டா பெரிய உறைக்குள் நழுவி ஒளிந்துகொள்வதும் உண்டு. இவை உறையின் பித்தளையை உருக்குகிறவரின் உலைவரை போய்விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள். முழுத் தோட்டா கண்ணில் பட்டால் என்னைக் கூப்பிடுங்கள், அதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது.

ஈயத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட உறைக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடியிலும் தரைத் தூசியிலும் அது கலந்திருக்கிறது. தொப்பியில் அள்ளி, கொட்டிவிட்டு, அதே தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். சானிட்டைசர் தடவினால் போதும் என்கிறார்கள். சானிட்டைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும், எதையும் வாயில் போடுவதற்கு முன்னால்.

தயவுசெய்து குழந்தைகளை உறை பொறுக்க விடாதீர்கள். அவர்களுக்கு அது விளையாட்டு, பளபளக்கும் பொருள், பிறகு கை வாய்க்குப் போகும். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே கிடையாது. டம்ளர் என்ற இயந்திரத்தில் போட்டு உறையைச் சுத்தம் செய்கிறவர்களும், அந்தத் தூசி பறக்கும் வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உறை வேண்டுமென்றால் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வலை மாட்டிக்கொள்ளுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மீதிக்கு லைன் மூடும்வரை பொறுங்கள். மூடியதும் உறை பொறுக்கும் கம்பி உருளையை நானே எடுத்துத் தருகிறேன், குனியக்கூட வேண்டியதில்லை.