பூஞ்சையைக் கொன்று விதையை எழுப்பும் குளிர் பிளாஸ்மா

டெல்லி கரோல் பாக் தமிழர்களுக்குப் பூசா வளாகம் கூப்பிடு தூரம். 1960களில் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் இயக்குநராக இருந்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அங்கே உருவான பூசா பாஸ்மதி 1121 ரகத்தை விடாமல் துரத்தும் நோய் பகானே. ஹரியானா விவசாயிகள் அதை ஜண்டா ரோக் என்பார்கள். நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, நெட்டையாக வளரும்; அப்புறம் காய்ந்துவிடும். காரணம் பியுசேரியம் என்ற பூஞ்சை. பெரும்பாலும் விதையோடுதான் வருகிறது.

இந்த இடத்தில்தான் குளிர் பிளாஸ்மா, அதாவது சூடேறாமலே மின்னேற்றம் பெற்ற வாயு, எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு உலோகத் தகடுகள், நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு, சில மில்லிமீட்டர் இடைவெளி. அதில் நெல்லைப் பரப்பிப் பல ஆயிரம் வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்தால் காற்று ஊதா நிறத்தில் ஒளிரும். எலக்ட்ரான்கள் மட்டும் பத்தாயிரம் டிகிரிக்கு மேல் சூடானதுபோல் ஆற்றலோடு பாயும். ஆனால் அவை மிகமிக லேசானவை. மோதினாலும் காற்று மூலக்கூறுகளுக்கு வெப்பத்தை அதிகம் கொடுக்க முடியாது. அதனால் நெல் வேகாது. அந்த மோதலில் ஓசோனும் நைட்ரிக் ஆக்சைடும் பிறக்கின்றன.

உமியின் மேல் மெழுகுப் படலம் உண்டு. சாதாரண நெல்மணியில் விட்ட துளி, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். பிளாஸ்மா பட்ட மணியில் அதே துளி படிந்து பரவும். ஊறல் சீக்கிரம் பிடிக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளும் சிதைகின்றன.

உள்ளே நடப்பது இன்னும் அழகு. அளவான ஆக்சிஜனேற்றம் விதைக்கு ஒரு சமிக்ஞை. விதையின் உறக்கத்தைக் காக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஜிப்ரெலின் தூண்டினால் தவிட்டுப் படலம் அமிலேஸ் நொதியைச் சுரக்கும். மாவுச்சத்து சர்க்கரையாகி முளைக்கருவுக்குப் போகும். இதே ஜிப்ரெலின் முதலில் தெரியவந்ததே பகானே நோயால்தான். 1926இல் குரோசாவா என்ற ஜப்பானியர், பூஞ்சை வளர்ந்த திரவத்தை வடிகட்டி நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். அதுவும் நெட்டையாக வளர்ந்தது. பூஞ்சை அதை அள்ளிக் கொட்டினால் நோய். விதை தானே அளந்து சுரந்தால் முளைப்பு.

அளவு தப்பினால் பிளாஸ்மாவும் கெடுதல்தான். சில நொடி முதல் சில நிமிடம் வரை நல்லது. மீறினால் முளைக்கருவே அடிபடும். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். 95 சதவீதம் முளைக்கும் புது விதையில் இது பெரிதாக எதையும் கூட்டிவிடாது. பழைய விதை, உறக்கம் கலையாத விதை, நோய் தொற்றிய விதை: இவற்றில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். உமிக்கு உள்ளே புகுந்த பூஞ்சையை இது எட்டுவது கடினம். மெல்லிய அடுக்காகப் பரப்பினால்தான் எல்லா மணிக்கும் சமமாகப் படும் என்பதால், மூட்டை மூட்டையாகச் செய்வதும் சுலபமில்லை. கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலக்கும் வழக்கத்துக்கு மாற்றாக வர, விதை சுத்திகரிப்பு நிலையத்தின் ஓடுபட்டையிலேயே இந்தக் கருவி பொருந்தியாக வேண்டும்.