32-ஐக் கழித்தீர்களா?

நேற்று ரிவ்யூவுக்கு வந்த லினக்ஸ் பேட்சில் (கோட் திருத்தத்தில்), புதிய சிப்பை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ ஃபைலில், முதல் யூஆர்ட்டுக்கு (சீரியல் போர்ட்டுக்கு) இன்டரப்ட் எண் 65 என்று இருந்தது. இன்டரப்ட் என்பது 'என்னைக் கவனி' என்று அது பிராசஸருக்கு அனுப்பும் சிக்னல். மேனுவலில் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பூட் ஆகுது சார்" என்று பதில் வந்தது. இந்த மாதம் இந்தப் பதிலைக் கேட்பது மூன்றாவது தடவை.

பூட் ஆகத்தான் செய்யும். லினக்ஸின் மையமான கெர்னல் தன் செய்திகளை யூஆர்ட்டில் எழுதும்போது பெரும்பாலும் இன்டரப்டுக்காகக் காத்திருப்பதில்லை. இடம் காலியா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிவிடும். லாகின் கேட்கும் இடத்தில்தான் இன்டரப்ட் தேவைப்படும், வண்டி நிற்கும். பேட்சை அனுப்பியவர் அதுவரை பார்க்கவே இல்லை.

ஆர்ம் சிப்களின் ஜிக் எனும் இன்டரப்ட் கன்ட்ரோலரில் பொது இன்டரப்டுகள் 32-ஆம் எண்ணில் தொடங்குகின்றன. டிவைஸ் ட்ரீயில் அதைக் கழித்துவிட்டு எழுத வேண்டும்: 65 என்பது 33. (சில மேனுவல்கள் கழித்த எண்ணையே அச்சிடும். அட்டவணைக்கு மேலே இருக்கும் குறிப்பை யாரும் படிப்பதில்லை.)

சரி, எண் தப்புவது யாருக்கும் நேரும். எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். டிவைஸ் ட்ரீ என்பது லினக்ஸ் டிரைவரின் செட்டிங்ஸ் ஃபைல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. போர்டில் என்ன இருக்கிறது, எந்த முகவரியில் இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்லும் விவரம் அது. அதே விவரத்தை யூ-பூட் என்ற பூட்லோடரும் (கெர்னலை ஏற்றிவிடும் நிரல்) படிக்கும், ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளமும் படிக்கும். உங்கள் டிரைவரின் சௌகரியம் அவற்றுக்கு எதற்கு?

இன்னொரு பேட்சைச் சொல்கிறேன். எஸ்பிஐ (சிப்புகளை இணைக்கும் சீரியல் பஸ்) டிரைவரில் டிஎம்ஏ பகுதி, அதாவது பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டாவை நகர்த்தும் பகுதி, சரியாக வேலை செய்யவில்லை. உடனே ட்ரீயில் 'டிஎம்ஏ வேண்டாம்' என்று ஒரு புது ப்ராப்பர்ட்டி. சிப்பில் டிஎம்ஏ சேனல் இருக்கிறது, கம்பியும் போகிறது, கோளாறு டிரைவரில். அடுத்த வருடம் யாரோ டிரைவரைச் சரிசெய்வார். ஆனால் பல போர்டுகளில் ட்ரீ பூட்லோடரோடு ஃபிளாஷில் உட்கார்ந்திருக்கும். கெர்னல் மட்டும்தான் புதுசாகும். பழைய ட்ரீ 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய ட்ரீயோடு புதிய கெர்னல் ஓட வேண்டும் என்பதால் அந்த ப்ராப்பர்ட்டியைச் சுலபத்தில் தூக்கவும் முடியாது. டிரைவர் நோயை டிரைவரில் தீருங்கள். இதற்கு நேர்மாறான வாதமும் வருகிறது: "டிரைவர் இந்த கிளாக் சிக்னலைத் தொடுவதே இல்லை, ஏன் எழுத வேண்டும்?" சிப்பில் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள்.

பைண்டிங்கை, அதாவது ட்ரீயில் என்னென்ன எழுதலாம் என்று சொல்லும் விதிகளை, தனி பேட்சாக, டிரைவருக்கு முன்னால் அனுப்புங்கள். டிரைவர் தேடிப் பார்க்கும் பெயர் வரியான காம்பாட்டிபிளில் உங்கள் சிப்பின் முழுப்பெயரைப் போடுங்கள்; கடைசி எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் போட்டு ஒரு குடும்பத்தையே வளைக்காதீர்கள். பழைய சிப்போடு ஒத்துப்போனால் அதன் பெயரை இரண்டாவதாகச் சேருங்கள். நாளைக்கு உங்கள் சிப்பில் மட்டும் ஒரு பிழை தெரியவந்தால், டிரைவர் அதை எதை வைத்து அடையாளம் காணும்?

அப்புறம், எல்லா போர்டுக்கும் பொதுவான சிப் ஃபைலில் வெளிக்கம்பி வேண்டிய யூஆர்ட், எஸ்பிஐ போன்றவற்றை டிஸேபிள்ட் என்றே விடுங்கள். போர்டில் கனெக்டர் இருந்தால் போர்டு ஃபைலில் திறந்துகொள்ளலாம். வோல்டேஜ் தரும் ரெகுலேட்டருக்கு அந்த ஐசி தரக்கூடிய முழு வோல்டேஜ் வரம்பைக் காப்பியடிக்காதீர்கள். அந்த லைனில் 1.8 வோல்ட் பாகம் இருந்தால் 1.8 மட்டும். மற்ற தப்புகள் அடுத்த பேட்சில் திருந்தும், கருகிய பாகம் திருந்தாது.

ஒரே ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன் டிடிபிஎஸ் செக் (ட்ரீயை பைண்டிங்கோடு ஒப்பிடும் சோதனை) ஓட்டிவிடுங்கள். வார்னிங்குகளை எண்ணி உங்களுக்கு எழுதுவதிலேயே என் சாயங்காலம் போகிறது. ஆனால் அது பச்சைக்கொடி காட்டியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். 65-ம் அதற்கு எண்தான். மேனுவலையும் போர்டின் சர்க்யூட் படமான ஸ்கிமேட்டிக்கையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக நீங்கள்தான் ஒப்பிட வேண்டும்.

இன்று காலை அந்த பேட்சின் இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் யூஆர்ட்டில் 33. இரண்டாவதில் இன்னும் 66.