ஆன்டெனா: பூச்சிக்கும் மொட்டை மாடிக்கும் ஒரே கொம்பு

1980களில் தூத்துக்குடிப் பக்கம் டிவி வாங்கிய வீடெல்லாம் தலையில் கொம்பு வைத்துக்கொண்டு நின்றன. அத்தனை கொம்பும் இலங்கையைப் பார்த்தபடி இருக்கும். 1975இலேயே சென்னைக்கு தூர்தர்ஷன் வந்துவிட்டது என்றாலும் அதன் அலை அவ்வளவு தெற்கே எட்டவில்லை. ஆனால் 1982இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி கடல் தாண்டி வந்தது. காரணம் மலைதான். 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல மலையின் உச்சியில் அதன் கோபுரம் நின்றது. காற்று அடித்துக் கம்பி திரும்பிவிட்டால் ஒருவர் மாடியில், ஒருவர் வாசலில், ஒருவர் பெட்டிக்கு முன்னால். "இப்பத் தெரியுதா?" "போச்சு, போச்சு, பழையபடி திருப்பு!" அந்தக் கம்பிக்குத் தமிழில் என்ன பேர் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆன்டெனா என்றால் ஆன்டெனா, அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்கும் வானலைக்கும் பிறப்பில் ஒரு தொடர்பும் கிடையாது. லத்தீனில் ஆன்டெனா என்பது கப்பல்காரர்களின் சொல். பாய்மரத்தின் குறுக்கே கட்டி, அதில் பாயைத் தொங்கவிடும் நீண்ட கழிக்கு அந்தப் பெயர். அங்கிருந்து அது பூச்சியின் தலைக்குத் தாவிய கதை சுவையானது. பூச்சிகளின் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பை அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் 'கெராயா' என்று குறித்தார். கெராயா என்றால் கொம்பு போன்றது. கப்பலின் பாய்க்கழிக்கும் கிரேக்கர்கள் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் அவருடைய விலங்கியல் நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்த தியோடோரஸ் காசா, இரண்டு பொருளில் கப்பல் பொருளைப் பிடித்துக்கொண்டு 'ஆன்டெனா' என்று எழுதிவிட்டார். ஆக, கரப்பான்பூச்சி மீசை மாதிரி ஆட்டிக்கொண்டிருப்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் பாய்க்கழி! நம் பாடப்புத்தகம் அதை உணர்கொம்பு என்கிறது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, தமிழ் லத்தீனைத் தாண்டி நேராகக் கிரேக்கத்தின் கொம்புக்கே போய்விட்டது.

பூச்சியிலிருந்து வானொலிக்கு வந்தது எப்படி? பூச்சியின் உணர்கொம்பைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. இத்தாலிய மொழியில் ஆன்டெனா என்றால் சாதாரணக் கம்பம், கூடாரத்தின் நடுக்கழி. 1895 வாக்கில் இத்தாலியின் போலோன்யா அருகே கம்பியில்லாத் தந்தியைச் சோதித்த மார்க்கோனி, கம்பத்தின் உச்சியிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டால் அலை வெகுதூரம் போவதைக் கண்டார். கம்பத்தின் பெயர் மெல்லக் கம்பிக்கு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர்கள் அதை ஏரியல் என்றார்கள். நம் ஊரில் பழைய ரேடியோக்காரர்கள் 'ஏரியல் கட்டினது' அந்த வழியில்தான். டிவி வந்ததும் ஏரியல் போய் ஆன்டெனா நிலைத்தது.

மாடியில் பார்த்த மீன்முள் வடிவத்துக்குத் தனிப்பெயர் உண்டு: யாகி–உடா. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் 1926இல் உடா வடிவமைத்தது, அவருடைய பேராசிரியர் யாகியின் பெயரோடு உலகம் சுற்றியது. சொந்த நாட்டில்தான் யாரும் சட்டை செய்யவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரிட்டிஷ் ராடார் குறிப்பேட்டில் 'யாகி' என்ற சொல்லைப் பார்த்துப் புரியாமல் விழித்தார்களாம். அது உங்கள் ஊர்க்காரரின் பெயர்தான் என்று கைதி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது என்பார்கள்.

அதே சிங்கப்பூரில் இன்று ஆன்டெனா அநேகமாகச் சன்னலோரத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2018 முடிவோடு அங்கே விடைபெற்றது. தமிழ் அலைவரிசையான வசந்தம் உட்பட இலவச அலைவரிசைகளெல்லாம் இப்போது புக்கிட் பாத்தோக் குன்றிலுள்ள கோபுரத்திலிருந்து டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் வருகின்றன. டிஜிட்டல் என்பதற்கு அங்கே 'மின்னிலக்க' என்ற அருமையான சொல் புழக்கத்தில் இருக்கிறது. நம் பக்கம் எண்ணிம, எண்ம என்று இன்னும் சண்டை ஓயவில்லை. டிஜிட்டலுக்கு வேர் லத்தீனில் விரல். விரல்விட்டு எண்ணியதால் விரல் எண்ணாயிற்று.

கடையில் 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று அட்டைப்பெட்டி போட்டுக் கூடுதல் விலை சொல்வார்கள். அப்படி ஒரு பொருள் கிடையாது. அலையில் ஏறி வருவது அனலாகா டிஜிட்டலா என்று அலுமினியக் குழாய்க்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைநீளம் ஒன்றுதான். பொதுவாக அலைநீளத்தில் பாதி அளவுக்குக் குழாய் இருந்தால் அது அலையை நன்றாகப் பிடிக்கும். 60 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 2.5 மீட்டர் நீளம் வேண்டும். யூஎச்எஃப் எனும் உயர் அதிர்வெண் பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸுக்கு 30 சென்டிமீட்டர் போதும். பழைய மாடிக் கம்பிகள் அவ்வளவு பெரிதாக இருந்ததும், இன்றையவை மேசையில் அடங்குவதும் இதனால்தான். பழைய யூஎச்எஃப் ஆன்டெனா ஒன்று பரணில் கிடந்தால் தூசி தட்டி மாட்டலாம், டிஜிட்டலும் வரும்.

மாறியது படம் கெடும் விதம். அனலாகில் அலை தளர்ந்தால் படத்தில் பூரான் ஓடும், புள்ளி கொட்டும், ஆனாலும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கும். எதிர்வீட்டுச் சுவரில் மோதித் தாமதமாக வந்த அலையால் ஒரே ஆளுக்கு இரண்டு தலை தெரியும். டிஜிட்டலில் இந்த இரட்டைத்தலை இல்லை. தகவலை ஆயிரக்கணக்கான நுண் அலைகளில் பிரித்து அனுப்பி, ஒவ்வொரு துணுக்குக்கும் முன்னால் சற்று இடைவெளி விடுகிறார்கள். சுவரில் மோதி வரும் அலை அந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்தால் கெடுதலில்லை. அடுக்குமாடிகள் நெருக்கிய ஊருக்கு இது பெரிய வரம். ஆனால் அலை ஓர் எல்லைக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. நடுவில் சமாளிக்கும் நிலை என்பதே கிடையாது. இந்தியாவிலும் தூர்தர்ஷன் 2016இல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் இம்முறையைத் தொடங்கியது. அதைப் பிடிக்க டிவியிலேயே டி2 வாங்கும் வசதி வேண்டும், அல்லது தனிப்பெட்டி வேண்டும். அதற்குள் நம் வீடுகள் கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் போய்விட்டன.

சரி, தமிழில் என்ன சொல்வது? அலைவாங்கி, வானலை உணரி, அலைக்கம்பம், வான்கம்பி என்று பல சொற்கள் உலவுகின்றன. அதிகம் கண்ணில் படுவது அலைவாங்கி. மைக்குக்கு இலங்கைத் தமிழர்கள் சொல்லும் ஒலிவாங்கியின் அச்சில் வார்த்தது. ஒலிவாங்கி ஒலியை வாங்க மட்டுமே செய்யும், பெயர் சரி. ஆனால் ஆன்டெனா வாங்குவதோடு அனுப்பவும் செய்யும். புக்கிட் பாத்தோக் கோபுரத்தின் உச்சியில் இருப்பதும் ஆன்டெனாதான். அங்கே போய் அதை அலைவாங்கி என்றால், கொடுப்பவனை வாங்குபவன் என்று கூப்பிட்ட மாதிரி. செல்போனுக்குள் இருப்பது ஒரே துண்டு உலோகத்தில் இரண்டு வேலையையும் பார்க்கிறது. உணரி என்பது சென்சாருக்குப் போய்விட்டது. கம்பமோ தாங்கி நிற்கும் தூண், அலையைப் பிடிக்கும் பாகம் அல்ல.

என் ஓட்டு அலைக்கொம்புக்கு. பூச்சியின் கொம்பு வெளியிலிருப்பதை உணர்ந்து உள்ளே அனுப்புகிறது. கோயில் திருவிழாவில் ஊதும் கொம்பு உள்ளிருக்கும் மூச்சை ஊர் முழுக்கப் பரப்புகிறது. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள், தெரியும். அதனால் வீட்டு மாடியில் இருப்பதை அலைவாங்கி என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். கோபுரத்தில் இருப்பதை அப்படிச் சொன்னால்தான் திருத்துவேன்.

இதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று நம்மிடம் இருந்து கைநழுவிவிட்டது. பழந்தமிழில் 'கோடு' என்றால் விலங்கின் கொம்பு, மரத்தின் கிளை, ஊதும் சங்கு. மலையின் உச்சியும் கோடுதான். திருச்செங்கோட்டில் இருப்பது அந்தக் கோடு. பிதுருதலாகல உச்சியில் ஒரு கோடு, அதைப் பார்த்து எங்கள் மாடியில் ஒரு கோடு என்று எழுத எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இப்போது கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.