மெட்டல் ஸ்ப்ரே அடித்த ஷாஃப்ட் ஏன் முறிகிறது?

பேரிங் சீட் (பேரிங் உட்காரும் இடம்) தேய்ந்த ஷாஃப்டில் மெட்டல் ஸ்ப்ரே, அதாவது உருக்கிய உலோகத் துளிகளை அடித்து, கிரைண்ட் செய்து மீண்டும் ஓட்டுவது சிக்கனமான வழிதான். ஆனால் திரும்பக் கிடைப்பது அளவு மட்டுமே, பலம் அல்ல. அந்தப் பூச்சு ஷாஃப்டின் சுமையில் பங்கு தாங்கும் என்று கணக்குப் போடவே கூடாது.

பூச்சுக்கு இடம் விட, தேய்ந்த இடத்தை முதலில் கடைந்தெடுப்பார்கள். 50 மி.மீ. ஷாஃப்டில் பக்கத்துக்கு 0.75 மி.மீ. கடைந்தால் மிஞ்சுவது 48.5. வளைவுத் தகைவு (வளையும்போது உலோகத்துக்குள் எழும் அழுத்தம், stress) விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம். அதே சுமையில் தகைவு சுமார் 10 சதவீதம் ஏறிவிடும். 1440 ஆர்.பி.எம்.மில் ஓடும் ஷாஃப்ட் ஒரே நாளில் 20 லட்சம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. உலோகச் சோர்வுக்கு அந்த 10 சதவீதமே ஆயுளைப் பாதியாக்கப் போதும்.

அதைவிட ஆபத்து, கடைந்த பள்ளத்தின் முனையில் டூல் விட்டுப்போகும் கூர்மூலை. முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வழவழப்பான பகுதியில் வளைவரிகள் தெரியும். அவை விரியத் தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்த மூலைதான். கடைசியாகச் சட்டென முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். பூச்சோ அப்படியே ஒட்டியிருக்கும். அதனால் பழி மெட்டீரியல் மேல் விழுகிறது. பள்ளத்தை ஷோல்டர் ஃபில்லட்டுக்கு (விட்டம் மாறும் படியின் உருண்ட மூலைக்கு) முன்பே நிறுத்தி, முனைக்கு ரேடியஸ் கொடுங்கள். பிடிப்புக்காக மரை வெட்டும் பழைய முறை வேண்டவே வேண்டாம்.

பூச்சு பிடிக்கக் கூரான துகளை அடித்துச் சொரசொரப்பாக்கும் கிரிட் பிளாஸ்டிங்கில் மேற்பரப்பு சீராக மங்கியதும் நிறுத்த வேண்டும். ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் அலுமினாத் துகள் உலோகத்தில் புதைந்து, விரிசல் அங்கிருந்தே கிளம்பும். ஸ்ப்ரே செய்யும்போது ஷாஃப்டின் சூட்டை 150 டிகிரி செல்சியஸுக்குள் வையுங்கள். 7075 டி6 போன்ற அலுமினியக் கலவைகளில் இன்னும் கவனம் தேவை. சூடு ஏறினால் அவற்றின் பதமே இறங்கிவிடும்.

ஆர்க் ஸ்ப்ரே (மின்பொறியில் கம்பியை உருக்கி அடிப்பது) படலம் ஆறும்போது பொதுவாகச் சுருங்கி இழுவிசையில் நிற்கும்; தடிமன் கூடக்கூட இழுப்பும் கூடும். எரிவாயுவின் அதிவேகத் தாரையில் தூளை அடிக்கும் எச்.வி.ஓ.எஃப். முறையில் டங்ஸ்டன் கார்பைடு துகள்கள் வேகமாக மோதுவதால் அமுக்கத் தகைவை உண்டாக்க முடிகிறது. விமானத் தரையிறங்கு கால்களில் ஹார்டு குரோமின் இடத்தை அது பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆல்மென் ஸ்ட்ரிப்பில் (சோதனைக்கான மெல்லிய எஃகுத் தகட்டில்) பூசிப் பாருங்கள்: பூசிய பக்கம் புடைத்தால் அமுக்கம், குழிந்தால் இழுப்பு. அதிகச் சுமை தாங்கும் பாகங்களுக்கு முதலில் ஷாட் பீனிங் (சிறு உருண்டைகளை அடித்து மேற்பரப்பில் அமுக்கம் ஏற்றுவது), பிறகு கிரிட் பிளாஸ்டிங், அதன்பிறகே ஸ்ப்ரே.

விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனையைக் கடைந்தவுடனே செய்துவிடுங்கள். பூச்சு ஏறிவிட்டால் அடியில் இருக்கும் பழைய விரிசல் கண்ணுக்குச் சிக்காது.