எடிட்டர் பிளக்இன் ஒரே கட்டளையில் எப்படித் தயாராகிறது?

டெக்ஸ்ட் எடிட்டருக்குப் பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதுகிறவர் அதைத் திருத்திக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதே வேலை: கம்பைல் செய்ய வேண்டும் (எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும்), வந்த கோப்பை எடிட்டர் தேடும் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும், எடிட்டரை மூடித் திறந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். பாதிதான் முடிந்திருக்கும். கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது சுலபம். எந்தக் கோப்பு பழசாகிவிட்டது என்று கண்டுபிடிப்பதும், ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரின் காலை வாராமல் புதியதை உள்ளே வைப்பதும்தான் கஷ்டம்.

பிளக்இன்னுக்கு கம்பைல் எதற்கு? பெரும்பாலானவற்றுக்குத் தேவையே இல்லை. விம் எடிட்டரின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியிலோ லுவா மொழியிலோ எழுதியதை எடிட்டரே படித்து ஓட்டிவிடும். வேகம் வேண்டும் என்னும்போதுதான் கம்பைலர் உள்ளே வருகிறது. ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் லிஸ்ப் மொழியில் எழுதிய ‘இஎல்’ கோப்பை, வேகமாக ஓடும் இடைநிலை வடிவமான பைட்கோடாக மாற்றி ‘இஎல்சி’ கோப்பாக வைத்துக்கொள்ளலாம். அதுவும் போதாவிட்டால் சி மொழி இருக்கிறது. 2016-இல் வந்த ஈமேக்ஸ் 25, சி-யில் எழுதிய மாட்யூல்களை ஏற்றிக்கொள்ள வழி செய்தது. நிரலைப் பகுத்து நிறம் காட்டப் பல எடிட்டர்கள் பயன்படுத்தும் ட்ரீ-சிட்டரிலும், ஒவ்வொரு மொழியின் இலக்கணமும் கடைசியில் சி கோப்பாகத்தான் வந்து நிற்கிறது.

அந்த சி கோப்பிலிருந்து தனியாக ஓடும் நிரல் உருவாவதில்லை. வேறொரு நிரல் ஓடும்போது உள்ளே ஏற்றிக்கொள்ளும் ஷேர்டு லைப்ரரி ஒன்று உருவாகிறது. அதன் கோப்பு வகை லினக்ஸில் ‘எஸ்ஓ’, மேக் கணினியில் ‘டைலிப்’, விண்டோஸில் ‘டிஎல்எல்’. எடிட்டர் ஓடும்போது அதன் நினைவகத்தில் எந்த முகவரியில் இடம் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் எங்கே வைத்தாலும் ஓடும்படி கம்பைலரிடம் சொல்லி உருவாக்க வேண்டும். ஈமேக்ஸ் இன்னொன்றும் பார்க்கும்: ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தோடு ஒத்துப்போவதாக அறிவிக்கும் ஒரு குறியீடு லைப்ரரிக்குள் இல்லையென்றால் ஏற்றவே மறுத்துவிடும். கம்பைலர் ஒரு புகாரும் சொல்லாமல் வேலையை முடித்த பிறகு இந்த மறுப்பு வரும்போது சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும்.

சரி, எது பழசு என்ற கேள்விக்கு வருவோம். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்ற கருவி பிறந்ததே இதனால்தான். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை வீணடித்திருந்தார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை. பழைய நிரலைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மேக் படிக்கும் கோப்பான மேக்ஃபைலில் எழுதுவது கட்டளைகளின் வரிசை அல்ல. எது எதிலிருந்து வருகிறது என்ற உறவு. இந்த லைப்ரரி இந்த சி கோப்பிலிருந்தும் அது உள்ளே சேர்த்துக்கொள்ளும் இந்த ஹெடர் கோப்பிலிருந்தும் வருகிறது, உருவாக்கும் கட்டளை இது, அவ்வளவுதான். மேக் இரண்டு பக்கத்தின் திருத்த நேரத்தையும் ஒப்பிடும். லைப்ரரி இல்லையென்றாலோ, மூலக் கோப்புகளில் ஏதாவது ஒன்று அதைவிடப் புதியது என்றாலோ கட்டளையை ஓட்டும். இல்லையென்றால் சும்மா இருக்கும். பத்துக் கோப்புகளில் ஒன்றைத் திருத்தினால் அது ஒன்று மட்டும் கம்பைல் ஆகி, மற்றவற்றோடு மறுபடி இணையும். கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் வைத்தால் பிழை என்ற விதியும் அன்றே வந்தது. பிறகு மாற்ற நினைத்தபோது கருவியை ஏற்கெனவே ஒரு டஜன் பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்குத் தொல்லை தர வேண்டாம் என்று ஃபெல்ட்மன் விட்டுவிட்டார். அதன் பலனை இன்றுவரை எல்லோரும் அனுபவிக்கிறோம்.

நேரத்தை மட்டும் நம்புவதில் ஓட்டைகள் உண்டு. கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பத்தை மாற்றினால் எந்த மூலக் கோப்பின் நேரமும் மாறாது, மேக் அசையாது. பழைய நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நகலெடுத்த கோப்பும் அதன் கண்ணில் படாது. பேஸல், எஸ்கான்ஸ் போன்ற பிற்காலக் கருவிகள் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சுருக்கக் குறியீடு) கணக்கிட்டு மாற்றத்தைக் கண்டுபிடிக்கின்றன. சின்னப் பிளக்இன்னுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. சந்தேகம் வந்தால் உருவானதை அழித்துவிட்டு முதலிலிருந்து கம்பைல் செய்ய நிமிடம்கூட ஆகாது.

ஜான்சன் மாட்டிக்கொண்ட அதே சிக்கல் ஈமேக்ஸுக்குள்ளும் உண்டு. இஎல், இஎல்சி இரண்டும் பக்கத்தில் இருந்தால், இஎல் புதியதாக இருந்தாலும் அது இயல்பாகப் பழைய இஎல்சியைத்தான் ஏற்றும். ஒரு எச்சரிக்கை வரி வரும், அதைப் பலரும் கவனிப்பதில்லை. புதியதையே எடு என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. பிளக்இன் எழுதுகிறவர்கள் அதை முதல் வேலையாக இயக்கி வைப்பது நல்லது. 2022-இல் ஈமேக்ஸ் 28, லிஸ்பை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றத் தொடங்கியபோது இதை வேறு மாதிரி கையாண்டார்கள். உருவாகும் கோப்பின் பெயரிலேயே மூலத்தின் ஹேஷ் இருக்கும். மூலம் மாறினால் பெயரும் மாறும், பழையது தப்பித் தவறிக்கூட ஏறாது.

அப்புறம் நிறுவுதல். விம் 8 முதல் அதன் ‘பேக்’ கோப்புறைக்குள் ‘ஸ்டார்ட்’ என்ற பகுதியில் வைத்தால் தானாக ஏறும். ஈமேக்ஸுக்குத் தேடும் பாதைகளின் பட்டியல் உண்டு. இடம் தெரிந்துவிட்டால் நகலெடுப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். லினக்ஸில் எடிட்டர் லைப்ரரியை ஏற்றும்போது மொத்தத்தையும் தனியாகப் பிரதி எடுத்துக்கொள்வதில்லை. வட்டில் உள்ள கோப்பை நினைவகத்தோடு பிணைத்து, தேவைப்படும் பக்கத்தை அவ்வப்போது படிக்கிறது. சாதாரண நகல் கட்டளை அதே கோப்பின் உள்ளடக்கத்தை அழித்து மேலே எழுதும். எடிட்டரின் காலுக்குக் கீழே தரை மாறிவிடும். அது விழுந்துவிடலாம், சேமிக்காத வேலையோடு.

தீர்வு எளிது. புதிய லைப்ரரியை அதே கோப்புறையில் வேறு பெயரில் எழுதிவிட்டுப் பிறகு பெயரை மாற்ற வேண்டும். பெயர் இப்போது புதிய கோப்பைக் காட்டும். பழையதற்குப் பெயர் இல்லாவிட்டாலும், எடிட்டர் பிடித்திருக்கும்வரை அது வட்டில் உயிரோடு இருக்கும். குனூவின் ‘இன்ஸ்டால்’ கட்டளை பழைய கோப்பை முதலில் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கும் என்பதால் அதுவும் பாதுகாப்பானதே. விண்டோஸில் நிலைமை வேறு. பயன்பாட்டில் இருக்கும் டிஎல்எல்லை அழிக்கவோ மேலே எழுதவோ விடாது, ஆனால் பெயர் மாற்ற விடும். 2023-இல் வந்த ஈமேக்ஸ் 29-இல் ட்ரீ-சிட்டர் இலக்கணத்தை நிறுவும் கட்டளை இதைத்தான் செய்கிறது. கிட் என்ற கருவி பராமரிக்கும் நிரல் களஞ்சியத்திலிருந்து மூலத்தை இறக்கி, கம்பைல் செய்து, பழைய லைப்ரரிக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கி, புதியதை வைத்த பிறகு பழையதை அழிக்கப் பார்க்கும்.

ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஈமேக்ஸுக்குள் இருப்பது பழைய மாட்யூல்தான். லிஸ்ப் கோப்பை மறுபடி ஏற்றலாம். சி மாட்யூலை ஒருமுறை ஏற்றிவிட்டால் இறக்க வழியில்லை. அதனால் தானியக்கத்தின் கடைசிப் படியாக, சோதனைக்கென்று இன்னொரு ஈமேக்ஸைத் திரையில்லாத பேட்ச் முறையில் எழுப்பி, மாட்யூல் ஏறுகிறதா என்று பார்த்து மூடிவிடும்படி மேக்ஃபைலில் சேர்ப்பார்கள்.

பயன்படுத்துகிறவர் பக்கம் இதையெல்லாம் பிளக்இன் மேலாளர்கள் மறைத்துவிடுகின்றன. விம்முக்கான மேலாளர்களில் ஒன்றான விம்-பிளக்கில் பிளக்இன் பெயருக்குப் பக்கத்தில் ‘மேக்’ என்று குறித்துவிட்டால், நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும் அதுவே ஓடும். ஓடுவது முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கட்டளைகள், அதுவும் உங்கள் கணக்கின் முழு உரிமையோடு. மேக்குக்கு ‘-என்’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் கட்டளைகளை ஓட்டாமல் அச்சிட்டுக் காட்டும். அதை முழுவதும் நம்பிவிடவும் முடியாது. மேக்ஃபைலுக்குள் ‘ஷெல்’ செயற்கூறை அழைத்து எழுதியவை, கோப்பைப் படிக்கும்போதே ஓடிவிடக்கூடும்.