ரூம் வாடகை வித்தியாசத்தோடு முடிந்துவிடாது

மருத்துவமனை இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கிறேன். இந்த மாதம் இது நான்காவது ஆள். மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து டிஸ்சார்ஜ். பில்லைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "கம்பெனி பாலிசி 4 லட்சம் மேடம். பில்லே 2 லட்சத்து 60 ஆயிரம்தான். நான் எதுக்கு 1 லட்சம் கட்டணும்?"

பாலிசி வரம்பைவிட இந்த அறை வாடகை அதிகம் என்று அட்மிஷன் அன்றே சொன்னேன். "ரூம் டிஃபரன்ஸ்தானே, கட்டிக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டார். அதுதான் இல்லை என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது!

அவர் பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 4,000 ரூபாய். எடுத்த அறை 8,000. ஐந்து நாளுக்கு 20,000 கைக்காசு என்பது அவர் கணக்கு. ஆனால் அறை உயர்ந்தால் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் எல்லாமே சேர்ந்து உயரும். தகுதிக்கு இரண்டு மடங்கு அறை என்றால் அந்தச் செலவிலும் இன்ஷூரன்ஸ் பாதிதான் தரும். அவருக்கு அவை 1,60,000. அதில் 80,000 போயிற்று. 20,000-உம் 80,000-உம் சேர்ந்து 1 லட்சம்.

மருந்து, இம்பிளான்ட், பரிசோதனைச் செலவுகளிலும் ஐசியூ கட்டணத்திலும் இந்த விகிதத்தைப் போட்டு வெட்டக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது. செட்டில்மென்ட் லெட்டரில் அப்படி வெட்டியிருந்தால் விடாதீர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் க்ளெய்மைப் பார்க்கும் டிபிஏவுக்கு உடனே எழுதுங்கள்.

இது திட்டமிட்ட ஆபரேஷன். இரண்டு வாரம் இருந்தது, ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம். இ-கார்டில் இதெல்லாம் இருக்காது. அறை வரம்பு என்ன, பெற்றோருக்குக் கோ-பே (பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கு) உண்டா, பிரசவத்துக்கு எவ்வளவு, பிறந்த குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்குங்கள்.

வேலை மாறுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு கம்பெனி தந்த இன்ஷூரன்ஸ் கவரும் போய்விடும். வீட்டில் சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் அந்த நோய்களுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக் கேட்டால், கம்பெனியின் குழு பாலிசியில் இருந்த காலத்தை அந்தக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். ராஜினாமா கொடுத்த வாரமே கேளுங்கள். கவர் முடிந்த பிறகு அட்மிஷனுக்கு வந்து நிற்பவர்களுக்கு என் டெஸ்க்கில் செய்ய எதுவும் இருப்பதில்லை.