விர்ச்சுவல் டூர் – மெய்நிகர் உலா

விற்பனைக்கு வந்த வீட்டை, வாங்க நினைப்பவர் இருந்த இடத்திலிருந்தே இணையத்தில் அறை அறையாகத் தானே சென்று பார்க்கும் ஏற்பாடுதான் விர்ச்சுவல் டூர். இதில் ‘தானே’ என்பதை விட்டுவிடக் கூடாது. பின்னணி இசையோடு ஓடும் காணொளியையும், அடுத்தடுத்து நகரும் புகைப்படங்களையும் இந்தப் பெயரில் விளம்பரப்படுத்துகிறார்கள்; அது தவறு. காணொளியில், எடுத்தவர் காட்டுவது மட்டுமே தெரியும். உலாவில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த அறைக்குள் நுழைவது, கூரையில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்ப்பது எல்லாம் பார்ப்பவர் கையில்.

விர்ச்சுவல் என்பதன் வேர், ஆணைக் குறிக்கும் ‘விர்’ என்ற இலத்தீன் சொல். அதிலிருந்து ஆண்மை, ஆற்றல் என்ற பொருளில் ‘விர்த்தூஸ்’ பிறந்தது. ஆற்றல் உடையது என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குப் போன சொல், பிறகு ‘பெயரில் அதுவல்ல, பயனில் அதுவே’ என்ற பொருளைப் பெற்றது. கணினித் துறை எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான். டூர் என்பதன் மூலம், கடைசல் கருவியைக் குறிக்கும் ‘தோர்னோஸ்’ என்ற கிரேக்கச் சொல். இலத்தீன், பிரெஞ்சு வழியே ‘சுற்று’ என்றானது. 1994இல் இங்கிலாந்தின் டட்லி கோட்டையில், 1550இல் அக்கோட்டை இருந்த தோற்றத்தைக் கணினியில் அமைத்துப் பார்வையாளருக்குச் சுற்றிக் காட்டினார்கள். விர்ச்சுவல் டூர் என்ற பெயருக்கு உரிய முன்னோடி அது.

தமிழில் மெய்நிகர் என்ற சொல் நிலைத்துவிட்டது. மெய்க்கு நிகரானது, மெய்யே அல்ல. மூலச்சொல்லின் பொருள் அப்படியே இருக்கிறது. மாய, கற்பனை என்ற அடைகள் இங்கே பொருந்தா, ஏனெனில் வீடு உண்மையில் இருக்கிறது. சுற்றுலா என்பது ஊர் பார்க்கும் பயணத்துக்கே உரியதாகிவிட்டதால் உலா என்பதே சரி. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வர, ஏழு பருவ மகளிர் அவனைக் காண்பார்கள். இங்கே உலாவுபவரே காண்பவர். சொல் அந்த மாற்றத்தைத் தாங்குகிறது.

உலாவுக்கு அடிப்படை, ஒரே இடத்திலிருந்து எல்லாத் திசைகளையும் பதிந்த கோளப்படம். கிடைமட்டத்தில் 360 பாகை, செங்குத்தில் 180 பாகை. அதனால்தான் விரித்த படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2 மடங்கு. அகலம் 4,000 புள்ளிகள் (பிக்சல்) என்றால், திரையில் ஒரு நேரத்தில் தெரியும் 90 பாகைக்குக் கிடைப்பவை 1,000 மட்டுமே. பெரிய திரையில் மங்கும். 8,000 இருப்பது நல்லது.

டிரைபாடில் கேமராவைச் சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, எல்லா அறைகளிலும் அதே உயரத்தை வையுங்கள். மாறினால், அறை மாறும்போது பார்ப்பவருக்குத் தலை சுற்றும். படம் எடுப்பதற்கு முன்பே கதவுகளைத் திறந்துவிட வேண்டும்: ஒரு படத்தில் மூடியும் அடுத்ததில் திறந்தும் இருந்தால் வழி குழம்பும். கேமராவை நிறுத்தும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாசற்படிகளில் ஒரு நிலை கூடுதலாக எடுத்தால், ஹாட்ஸ்பாட்டை (அடுத்த நிலைக்குச் செல்லப் படத்தில் வைக்கும் குறியை) அழுத்துபவர் சுவரைத் தாண்டிக் குதித்ததுபோல் உணர மாட்டார்.

கெடுவது பெரும்பாலும் ஒட்டுக்கோட்டில், அதாவது இரண்டு லென்ஸ்களின் படங்களும் சேரும் இடத்தில். முன்னும் பின்னும் பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமராவில் இரண்டு லென்ஸ்களும் ஒரே புள்ளியில் இல்லை. அதனால் மிக அருகில் உள்ள பொருள் இரண்டிலும் சற்று வெவ்வேறு இடத்தில் விழும். ஒட்டும்போது கதவு நிலை உடைந்து தெரியும். கேமராவைத் திருப்பி, அருகிலுள்ள பொருள் ஏதேனும் ஒரு லென்ஸின் நேர்ப்பார்வையில் வரும்படி வைத்தால் சரியாகும். சன்னல் வெளிறிப்போவதற்கு வேறு மருந்து: இருட்டாக, இயல்பாக, வெளிச்சமாக 3 படங்கள் எடுத்து இணைப்பது. அது முடியும்வரை மின்விசிறி ஓடக் கூடாது. எடுப்பவர் அடுத்த அறையில் மறைந்து கைபேசியிலிருந்து இயக்கலாம். கண்ணாடியில் தெரியும் கேமராவின் பிம்பத்தை மட்டும் பிறகுதான் அழிக்க முடியும்.

அகலக்கோணம் அறையை உள்ளதைவிட நீளமாகக் காட்டும். ஆகவே நீள அகலம் குறித்த தரை வரைபடத்தை உலாவோடு சேர்த்தே தர வேண்டும். இல்லாவிட்டால் நேரில் வருபவர் ஏமாந்து திரும்புவார். குடும்பப் படங்கள், மேசைமேல் கிடக்கும் கடிதங்கள், சாவிகள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை முன்கூட்டியே அகற்றுங்கள். பார்ப்பவர் பெரிதாக்கிப் படிக்க முடியும்.

இதன் கிளைச்சொல் விர்ச்சுவல் ஸ்டேஜிங். வெற்று அறையின் படத்தில் கணினியால் சோபாவும் கட்டிலும் சேர்ப்பது. மெய்நிகர் ஒப்பனை எனலாம். சேர்த்தவை எவை என்று படத்திலேயே குறித்து, வெற்று அறையின் படத்தையும் பக்கத்தில் வைப்பதே நேர்மை. சுவர் விரிசலையோ ஈரக்கறையையோ அழிப்பது ஒப்பனை ஆகாது, மோசடி.